துண்டு இடுக்கிய கை

போன மாதம் ஒரு காரியமாக என் பழைய ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருந்தேன். வாழ்நாளில் பாதியைக் கழித்த இடம் என்பதால் வாசல் காவல்காரர் என்னை மிகுந்த மரியாதையோடு நிறுத்தி, சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னார். நல்லவேளையாக ஒரு சின்ன டாக்டர் அடையாளம் கண்டு உள்ளே அழைத்துப் போனார். அங்கே ஒருவர் ஆபரேஷனுக்குத் தயாராகப் படுத்திருந்தார். அவருடைய முழங்காலில் ஊதா மையால் ஒரு அம்புக்குறி. எந்தக் காலை அறுக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாம். அதையும் நோயாளியின் வாயாலேயே இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் போடுவார்களாம்.

"உங்க காலத்துல அடையாளத்துக்கு என்ன சார் போடுவீங்க?" என்று சின்ன டாக்டர் கேட்டார்.

"கம்பவுண்டர் மேல் பழியைப் போடுவோம்" என்றேன்.

அவர் சிரித்தார். விவரம் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கெங்கவல்லிக்காரன். கம்பவுண்டர் பரீட்சை எழுதிவிட்டு, சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். இருமலுக்குச் சிவப்புத் தண்ணீர், வயிற்றுக்கு வெள்ளைத் தண்ணீர் என்று சில வருஷம் போயிற்று. கை நடுங்காமல் மருந்து ஊற்றுகிறவன் சொட்டு விடவும் லாயக்கு என்று யாரோ முடிவு செய்து, குளோரோபார்ம் கொடுக்கும் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். கற்றுக்கொடுத்தவர் எனக்கு முன்பு அதைச் செய்துகொண்டிருந்தவர். பாடம் ஒரே நாளில் முடிந்தது. "மூச்சைப் பார்த்துக்கிட்டே இரு, வேற எதையும் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு மறுநாளே வேறு ஊருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

செய்முறை இதுதான். நோயாளியின் முகத்தில் மூக்கையும் வாயையும் சுற்றி வாசலின் தடவ வேண்டும், இல்லையென்றால் மருந்து பட்டுத் தோல் வெந்துவிடும். கம்பிக் கூடு ஒன்று உண்டு, மாட்டுக்குப் போடும் வாய்க்கூடு மாதிரி. அதன் மேல் மெல்லிய துணியை விரித்து முகத்தில் கவிழ்த்து, புட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நோயாளியை ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்ல வேண்டும். முப்பதைத் தாண்டுவதற்குள் எண்கள் குழம்பும். பிறகு கைகாலை உதறுவார்கள், மாமியாரைத் திட்டுவார்கள், கடைசியில் அடங்குவார்கள். இமையைத் தொட்டாலும் சிமிட்டாவிட்டால் கத்தி வைக்கலாம். ஒரு சொட்டு அதிகமானால் இதயம் நின்றுவிடும். குறைந்தால் பாதியில் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என் உத்தியோகம் ஓடியது.

எங்கள் பெரிய டாக்டர் சீமையில் படித்தவர். கை அவ்வளவு சுத்தம், வேகம். அவர் தையல் போட்ட இடத்தைப் பிறகு தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். குணம் மட்டும் வேறு தினுசு. ஆபரேஷன் அறைக்குள் அவரைத் தவிர யாரும் பேசக் கூடாது. அவரும் பேச மாட்டார். புருவத்தை உயர்த்தினால் கத்தரி, மோவாயை அசைத்தால் பஞ்சு. எனக்கு மட்டும் பேச்சுரிமை உண்டு. "தூங்கியாச்சா?" என்று அவர் கேட்டால் "ஆச்சு சார்" அல்லது "இல்லை சார்". அவ்வளவுதான்.

ஒரு முறை இந்த உரிமையை மீறிவிட்டேன். அவருடைய கையுறையில் சின்ன ஓட்டை தெரிந்தது. "கையுறை ஓட்டை சார்" என்றேன். அவர் கையுறையை மாற்றிக்கொண்டார். ஆபரேஷனை முடித்தார். வெளியே வந்து, "உன் வேலை அவன் மூச்சு, என் கை அல்ல" என்றார். மூன்று மாதம் மறுபடி சிவப்புத் தண்ணீர் கலக்கினேன். அதன் பிறகு என் கண்ணுக்கு எந்த ஓட்டையும் தெரியாமல் போயிற்று.

இனி அந்தத் தோளுக்கு வருகிறேன். யுத்தம் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு பெரிய டாக்டருக்குச் சீமையிலிருந்து ஒரு கனமான புத்தகம் வந்தது. அதில் பாதி தோளைப் பற்றியே இருந்தது. தோள் எலும்பின் உருண்டையை ஒரு தசைநார் உறைபோல மூடியிருக்கிறது, அது கிழிந்தால் கையைத் தூக்க முடியாது, சில சமயம் பாதிதான் கிழியும், அதுவும் அடிப்பக்கமாக, மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதைத் திறந்து தைக்கலாம் என்று எழுதியிருந்ததாம். அதுவரை தோள்வலி என்று யார் வந்தாலும் தைலம் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம். புத்தகம் வந்த பிறகு பெரிய டாக்டர் தோளுக்காகக் காத்திருந்தார். எங்கள் ஜில்லாவில் தோள்வலிக்குப் பஞ்சம் இல்லை, கத்திக்குச் சம்மதிக்கும் தோளுக்குத்தான் பஞ்சம்.

அப்படியிருக்கும்போதுதான் ராசிபுரத்திலிருந்து செங்கோட்டையன் வந்தார். பட்டுத் தறி நெய்கிறவர், நாற்பது வயதுக்குள் இருக்கும். கூட அவர் மனைவி பாவாயி. பஸ்ஸின் மேல் கூரையில் பட்டு மூட்டையை ஏற்றப் போய், பின்பக்கத்து ஏணியில் கால் வழுக்கி, ஒற்றைக் கையில் தொங்கினாராம். அது நடந்து நாலு மாதம். அன்று முதல் கையைத் தூக்கினால் தோளில் உயிர் போகிறது. தறியில் உட்கார முடியவில்லை. கைராசிக்காரர், எண்ணெய்க்கட்டு, மந்திரிப்பு எல்லாம் முடிந்து கடைசியாக எங்களிடம் வந்திருந்தார்.

விவரம் எழுதுவது என் வேலை. மேலே சட்டையில்லாமல் என் முன் நின்றார். எங்களைப் போன்ற பெரிய மனிதர்கள் முன்னால் துண்டு தோளில் கிடக்கலாமா? அதை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி வலிக்குது, தூக்கிக் காட்டுங்க" என்றேன்.

வலது கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்கினார். பாதி உயரம் வந்ததும் முகம் சுளித்தது. "இதுக்கு மேல போவாதுங்க. இந்த எடத்துல சுருக்குனு புடிக்குதுங்க. ஆராச்சும் கையைப் புடிச்சு மேல ஏத்திவுட்டா, அப்பறம் அவ்வளவா நோவு இல்லீங்க."

புத்தகத்தில் இருந்தது அப்படியே அவர் வாயில் வந்தது. நான் மகிழ்ந்துபோய், 'வலது தோள்' என்று எழுதிக் கோடும் போட்டேன்.

பெரிய டாக்டர் வந்து சீட்டைப் படித்தார். "பார்த்தாயா" என்று என்னிடம் பேசினார், அபூர்வமாக. "தறியில் வலது கைதான் நாள் பூராவும் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்கிறது. தசைநார் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். தொங்கியபோது கிழிந்திருக்கிறது." பிறகு வலது தோளின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி, "வலிக்கிறதா?" என்றார்.

"வலிக்குதுங்க சாமி" என்றார் செங்கோட்டையன். அந்தக் கட்டைவிரலால் அழுத்தினால் யாருக்கும் வலிக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் பாவாயி மருந்து ஜன்னலுக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க, ஆறு வாரம் கையைக் கட்டிப் போட்டுருவாங்களாமா?"

"ஆமாம்மா."

"அப்பறம் ரெண்டு கையுமில்லாம சோறெப்பிடிங்க திங்கறது? நாந்தான் ஊட்டோணுங்களா?"

"ஒரு கைதானம்மா கட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு, பெண்கள் எதையும் இரண்டாகத்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாள் கணக்கு சரியாக இருந்தது. கேட்கிற காது எனக்கு இல்லை.

மறுநாள் காலை செங்கோட்டையனை மேஜையில் படுக்க வைத்தோம். வலது தோளுக்கு அடியில் மணல் பை. நர்ஸ் வலது தோள் முழுக்க அயோடின் தடவி, சுற்றிலும் வெள்ளைத் துணி போட்டார். நான் முகத்தில் வாசலின் தடவி, கூட்டைக் கையில் எடுத்தேன். அப்போது பெரிய டாக்டர் கையுறையோடு உள்ளே வந்தார்.

படுத்திருந்த செங்கோட்டையன் அவரைப் பார்த்ததும் பதறிப்போய்த் தலைக்கு மேல் கைகுவித்துக் கும்பிடப் போனார். வலது கை துணிகளைத் தள்ளிக்கொண்டு தலைக்கு மேல் நேராகப் போயிற்று. அங்கே போய்த் துணையில்லாமல் நின்றது. இடது கை மார்பு வரை வந்து, அதற்கு மேல் வரவில்லை. உதட்டைக் கடித்தார். பிறகு வலது கையைக் கீழே இறக்கி, மார்பில் காத்திருந்த இடது கையோடு சேர்த்துக் கும்பிட்டார்.

நர்ஸ் 'அயோடின் கலைகிறதே' என்ற கவலையில் கையைப் பிடித்துக் கீழே வைத்தார். பெரிய டாக்டர் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது நான் ஒருவன்தான்.

விவரம் எழுதிய அன்று அவர் நின்ற நிலை கண்முன் வந்தது. பெரியவர்களுக்கு எதிரில் இடது கையை நீட்டிக் காட்டுவது மரியாதையா? அதுவும் துண்டு இடுக்கிய கை. ஆகவே இடது தோளின் வலியை வலது கையால் நடித்துக் காட்டியிருக்கிறார், முகச் சுளிப்பு உட்பட. கெங்கவல்லியிலும் பெரியவர்களிடம் இடது கையை நீட்ட மாட்டோம். எல்லாம் தெரிந்த எனக்கு அது தோன்றவில்லை. நான் 'எந்தக் கை' என்று கேட்கவே இல்லை. 'காட்டுங்க' என்றேன், அவர் காட்டினார்.

இனி நல்ல தோளைத் திறப்பார்கள். ஆறு வாரம் அது கம்பிச் சட்டத்தில் கட்டிக் கிடக்கும். இந்தப் பக்கம் கிழிந்த தோள் கிழிந்தபடி இருக்கும். தறிக்கு இரண்டு கையும் போகும். சொல்லிவிடலாம் என்றால் எனக்கு இருப்பது இரண்டே வாக்கியம்.

கூட்டை முகத்தில் கவிழ்த்தேன். "எண்ணுங்க" என்றேன். புட்டியைச் சாய்த்தேன், ஆனால் சொட்டு விடவில்லை.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…" என்று செங்கோட்டையன் இழை எண்ணுவதுபோல் நிதானமாக எண்ணினார். முப்பது வந்தது. நாற்பது வந்தது.

"தூங்கியாச்சா?"

"இல்லை சார்."

அறுபது. எழுபது. நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். தொண்ணூற்று ஒன்பதுக்குப் பிறகு, கூட்டுக்குள்ளிருந்து தெளிவான குரலில், "நூறுங்க. இன்னும் எண்ணோணுங்களா?" என்று கேள்வி வந்தது.

பெரிய டாக்டரின் புருவம் எந்தக் கருவிக்கும் பொருந்தாத உயரத்துக்குப் போயிற்று. "தூங்கியாச்சா?"

"இல்லை சார். இவர் தூங்க மாட்டார் சார்."

"ஏன்?"

"கை சரியில்லை சார்."

"கை சரியில்லாததால்தான் இங்கே படுத்திருக்கிறான்."

"இந்தக் கை சரியாக இருக்கிறது சார். அந்தக் கைதான் சரியில்லை."

அந்த அறையில் அவ்வளவு பேச்சு அதற்கு முன் நடந்ததில்லை. மூன்று மாதமா, மூன்று வருஷமா, ஒரேயடியாக வீட்டுக்கா என்று மனம் கணக்குப் போட்டது. பெரிய டாக்டர் என் பக்கம் வந்து கூட்டைத் தூக்கச் சொன்னார்.

"உனக்கு எந்தக் கையில் வலி?" என்று கேட்டார். அதை யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"எடது கைங்க சாமி. சோத்துக் கையில மூட்டை இருந்துதுங்களே, பட்டு மூட்டை. அதைப் போட்டுர முடியுங்களா? அதனால பீச்சாங்கையிலதானுங்க தொங்குனேன்."

"வலது தோளில் மருந்து தடவினார்களே, ஏன் சொல்லவில்லை?"

செங்கோட்டையன் யோசித்தார். "எங்கூர்ல மாட்டுக்கு எடது சப்பையில வாதம்னா வலது சப்பையிலதானுங்க சூடு போடுவாங்க. நீங்க படிச்சவங்க. ஒரு காரணம் இல்லாமயா செய்வீங்கன்னு இருந்துட்டேனுங்க."

பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். மணல் பையை இடப்பக்கம் மாற்றச் சொன்னார். மறுபடி கை கழுவப் போகும்போது, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "தப்பு என்று தெரிந்தால் நீ பேசலாம்" என்றார். மூன்றாவது வாக்கியம் எனக்கு அன்றுதான் கிடைத்தது.

இந்த முறை சொட்டு விட்டேன். இருபத்தாறில் எண்கள் குழம்பின.

அந்த ஆபரேஷனை நான் மறக்க மாட்டேன். மூச்சைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாதென்ற பாடத்தையும் அன்று மறந்தேன். தோள் நுனியிலிருந்து கீழே விரல் நீளத்துக்குத் தோலைக் கீறி, சதையை வெட்டாமல் இழை பிரிப்பதுபோல் பிரித்தார். உள்ளே ஒரு மெல்லிய பை. அதைத் திறந்தால் வெளுத்த தசைநார். வழி சின்னது, அதற்குள் தசைநார் முழுவதும் தெரியாது. ஆகவே நர்ஸிடம் நோயாளியின் கையைப் பிடித்து உள்ளும் வெளியும் திருப்பச் சொன்னார். கை திரும்பத் திரும்ப, தசைநாரின் ஒவ்வொரு பகுதியும் அந்த வழிக்கு அடியில் வந்து போயிற்று. எங்கும் கிழிசல் இல்லை. வழவழவென்று முழுசாக இருந்தது.

இந்தக் கையும் நல்ல கைதானோ என்று எனக்கு உயிரே போயிற்று. பெரிய டாக்டர் விரல் நுனியால் தடவிக்கொண்டே வந்தார். "நிறுத்து" என்றார், வாயால். ஓரிடத்தில் விரல் லேசாக அமுங்கியது. அங்கே கத்தியை வைத்து முழுசாகத் தெரிந்த தசைநாரை அறுத்தார். புரட்டினால், அடிப்பக்கம் எலும்பை விட்டுப் பிய்ந்து, நைந்த ஜரிகை முந்தானைபோல் பிசிறு பிசிறாக இருந்தது. பாதி கிழிந்ததை முழுவதும் கிழித்த பிறகுதான் தைக்க முடியும் என்பது அன்று தெரிந்தது. பிசிறைக் கத்தரித்து, எலும்பைச் சுரண்டி, சின்னத் துளைகள் போட்டு, கறுப்புப் பட்டு நூலைக் கோத்து இழுத்து முடிந்தார்.

மறுநாள் செங்கோட்டையன் கேட்ட முதல் கேள்வி, "உள்ள என்ன நூலுங்க போட்டீங்க?" பட்டு என்றோம். "எத்தனை முறுக்குங்க?" என்றார். பெரிய டாக்டருக்குத் தெரியவில்லை. மிச்ச நூலை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்து, "பரவால்லீங்க. ஆனா இதைவிட நல்லதா எங்க ஊட்லயே இருந்துதுங்களே" என்று வருத்தப்பட்டார்.

இடது கையை இறக்கையாக விரித்துக் கம்பிச் சட்டத்தில் கட்டி, சில நாள் கழித்து ஊருக்கு அனுப்பினோம். கையை நீட்டிக்கொண்டு அவர் ரோட்டோரம் நின்றால் ராசிபுரம் வழியாகப் போகிற பஸ்ஸெல்லாம் நிற்குமாம். கண்டக்டர்கள் திட்டுவார்களாம். "நானென்ன பண்ணட்டுங்க, கை டாக்டரோடது" என்பாராம். சாப்பாட்டை மட்டும் சோற்றுக் கையால் அவரே சாப்பிட்டார். பாவாயி ஊட்டவில்லை.

அவர் ஊருக்குப் போன அன்று பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, சீட்டில் 'வலது' என்பதை அடித்து 'இடது' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். தப்பும் என் கையெழுத்தில், திருத்தமும் என் கையெழுத்தில். படிக்கிறவர்களுக்கு, ஒரு கவனமில்லாத கம்பவுண்டரைக் கவனமுள்ள டாக்டர் திருத்தினார் என்றுதான் தோன்றும். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. எழுதியவன் நான்தானே.

நாலைந்து மாதம் போயிற்று. வெளியூரிலிருந்து இரண்டு பெரிய டாக்டர்கள் அந்தத் தோளைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். செங்கோட்டையனுக்குச் சொல்லியனுப்பினோம். புதுச் சட்டை போட்டுக்கொண்டு பாவாயியோடு வந்தார். மரியாதைக்குக் குறைவில்லாமல் துண்டை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எங்கள் பெரிய டாக்டர் விருந்தாளிகளைப் பார்த்து இங்கிலீஷில் விளக்கினார். இந்தக் கேஸில் முதல் பாடம், கம்பவுண்டர் எழுதியதை நம்பாமல் நோயாளியை நாமே கேட்க வேண்டும் என்பதுதான் என்றார். பிறகு திரும்பாமலே, "கையைத் தூக்கு" என்றார்.

செங்கோட்டையன் வலது கையைத் தூக்கினார்.

அது மளமளவென்று காதைத் தொட்டுக்கொண்டு வானத்துக்குப் போயிற்று. அது என்றைக்குப் போகாமல் இருந்தது! விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒருவர் "அற்புதம்" என்றார். எனக்குக் கொடுக்கப்பட்ட மூன்றாவது வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அறுக்கப் போகிற கை தப்பு என்றால் பேசியே ஆக வேண்டும். கைதட்டு வாங்குகிற கை தப்பு என்று சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று விழுங்கிவிட்டேன். பெரிய டாக்டர் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு காபிக்குத் திரும்பினார்.

"போயிட்டு வாரேனுங்க சாமி" என்று செங்கோட்டையன் அவர் முதுகைப் பார்த்துச் சொன்னார். துண்டைப் பாவாயியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கினார். மார்பு தாண்டியது. மோவாய் தாண்டியது. காதருகில் இடது கை லேசாக நடுங்கி, நின்று, மறுபடி கிளம்பி, தலைக்கு மேல் போய் வலது கையைத் தொட்டது. அப்படியே குவித்துக் கும்பிட்டார். பெரிய டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த வேலையை அவர் பார்க்கவே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பாவாயி என்னைப் பார்த்து, "ரெண்டுமே நல்லா போவுதுங்க" என்றார்.

மருந்து ஜன்னல் வழியாக அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலைத் தாண்டி, இனி பெரிய மனிதர்கள் யாரும் இல்லை என்று நிச்சயமானதும், செங்கோட்டையன் பாவாயியிடமிருந்து துண்டை வாங்கினார். இடது கையால் அதை ஒரு உதறு உதறி, வீசித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.